சும்மா நின்ற நிமிடங்கள்

ஒரு பல்லைப் பிடுங்க எத்தனை நிமிடம் ஆகும் என்ற சந்தேகம் பிடுங்குகிறவருக்கும் வராது, கொடுக்கிறவருக்கும் வராது. அதை எழுப்பிச் சம்பளம் வாங்குவது என் தொழில். ஆஸ்பத்திரிகளில் யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று அளந்து, எத்தனை ஆள் வேண்டும் என்று அறிக்கை எழுதுவேன். அடுத்தவர் உழைப்பதை அருகில் நின்று வேடிக்கை பார்த்து வசவு வாங்கிய அன்பர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இம்முறை சின்னமனூரில் ஒரு பல் ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா, ஒரு நாற்காலி, இரண்டு உதவியாளர்கள். கருவிகளைக் கழுவி ஆவியில் வேகவைப்பவர் முத்துலட்சுமி. நாற்காலி அருகே நிற்பவர் ஜெயராணி, சேர்ந்து எட்டு மாதம். ஒருவர் போதும் என்று நான் எழுதினால் ஜெயராணிக்கு வேலை போகும். அது அவருக்கும் தெரியும்.

கடிகாரம்

முதல் நாள் வாழைத் தோட்டக்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்தார். நான் மூலையில் நின்று கடிகாரத்தை அழுத்தினேன். வாயைத் திறக்கப் போனவர் என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏந்தாயி, அங்கன நிக்கிறவுக என்னத்துக்கு மணியவே பாக்குறாக? எனக்கு அம்புட்டு நேரந்தான் இருக்கா?"

சராசரி

மணிக்கு மூன்று பேர் என்று அழகான சராசரி ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வரை ஒருவரும் இல்லை. பிறகு மேகமலை பஸ் வந்து நின்றது. தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் பதினோரு பேர் ஒன்றாக உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு விடுமுறை அன்று ஒரு நாள்தான்.

சராசரியைக் காப்பாற்றும் ஆவலில், கன்னம் வீங்கிய ஒரு அம்மாளைச் சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொன்னேன். அவர் பணிவாகவே பதில் சொன்னார்: "வாரேன் சார். மேல போற பஸ்ஸு மூணுக்கே போயிரும். ராத்திரிக்கு உங்க வீட்டுல ஒரு பாயி போட்டு வைக்கச் சொல்லுங்க."

ஆறாவது கட்டம்

நிமிடங்களை வேலைவாரியாகக் குறிக்க என் படிவத்தில் ஆறு கட்டங்கள். ஜெயராணியின் பொழுதில் பெரும்பகுதி முதல் ஐந்தில் அடங்கவில்லை. ஆறாவதான 'சும்மா நிற்றல்' நிரம்பி வழிந்தது. சும்மா இருப்பது ஞானிகளுக்குப் பெருமை, சம்பளக்காரர்களுக்குக் குற்றம். ஒரு மணி நேரம் இவரை வெளியே உட்காரவைத்துப் பார்ப்போம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஜெயராணி கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனார். அவர் இடத்தில் முத்துலட்சுமி நின்றார்.

அடுத்து வந்தவர் அரிசிக் கடைக்காரர். மீசையே அரைக்கிலோ இருக்கும். தட்டிலிருந்த ஊசியைப் பார்த்தார், வாயைப் பூட்டிக்கொண்டார். டாக்டரம்மா கெஞ்சினார், முத்துலட்சுமி அதட்டினார். பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. கடைசியில் மனிதர் எழுந்து வெளியே நடந்தே விட்டார். நான் பின்னாலேயே ஓடிக் காரணம் கேட்டேன். "போன தடவ ஊசிய மறச்சுக்கிட்டு ஒரு பிள்ள நின்னுச்சு. அது வராம என் வாயி தொறக்காது."

அறிக்கை

ஜெயராணியை உள்ளே அழைத்தோம். அரிசிக் கடைக்காரரும் திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். நோயாளியின் கண்ணுக்கும் தட்டுக்கும் நடுவே அவர் நின்றார். டாக்டரம்மாவின் கை நகர்ந்தால் இவர் தோளும் நகர்ந்தது. "அண்ணே, மக கல்யாணத்துக்குப் பந்தி எத்தன போட்டீக?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்கு ஊசி போட்டாயிற்று. மொத்தம் ஒன்பது நிமிடம்.

ஆறாவது கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டு 'மறைத்து நிற்றல்' என்று எழுதினேன். இரண்டு பேரும் அவசியம் என்று அறிக்கையை முடித்தேன். டாக்டரம்மா சம்மதித்தார். நன்றியை எதிர்பார்த்து ஜெயராணியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "நான் வந்த நாள்லேருந்து அதத்தான சார் செய்றேன்? நீங்க இந்த அஞ்சு நாளா இங்கன என்ன செஞ்சீக?"

அதற்குப் பொருத்தமான கட்டம் என் படிவத்தில் ஒன்று இருந்தது. அவசரப்பட்டு அதன் தலைப்பை அடித்திருக்க வேண்டாம்.