தண்ணீர் தெளிகிற வரை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்பவன் கையைக் காட்டுகிறபடி பெட்டிகளைத் தூக்கி இறக்குவது என் வேலை. மேலேயே இருந்து பழகியவனுக்கு ஒரு திமிர் வந்துவிடும். கீழே நடக்கிற எதைப் பார்த்தாலும், இதென்ன பிரமாதம் என்று தோன்றும். சமையலையும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு போனது எங்கள் ஊர் ராயபுரத்தில் அல்ல, கொரியாவில், பூசான் என்கிற ஊரில், ஒரு சமையல் வகுப்பில்.

பூசானில் என் மகள் வேலை செய்கிறாள். கப்பல் கட்டும் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. எவனோ கட்டிய கப்பலிலிருந்து ஆயுசு முழுக்கச் சாமான் இறக்கினேன் நான். அவள் கப்பலையே வரைகிறாள். எங்கள் தெருவில் இதைச் சொல்லாமல் நான் யாரிடமும் பேச்சை முடித்ததில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது சிலர் என்னைப் பார்த்ததும் வேறு பக்கமாக நழுவுவார்கள். அதற்கும் இதுதான் காரணம்.

என் மனைவி இறந்த அடுத்த வருஷம் மகள் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். போய் இறங்கிய அன்றைக்குச் சாயங்காலமே விஷயத்தை உடைத்தாள். கம்பெனியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. தொடர்ந்து இருக்கச் சொல்கிறார்கள், இந்த முறை பெரிய பொறுப்பு தருகிறார்கள். இவளோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெட்ராஸுக்கே வந்துவிடப் போகிறாளாம். நான் ஊர் திரும்புவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“இன்னாத்துக்கு வேணாங்கறே?” என்று கேட்டேன்.

“நீ தனியா கீறியே நைனா. போன் பண்ணா சாப்ட்டேன்னு ஒத்த வார்த்த சொல்றே. இன்னா சாப்ட்டேன்னு கேட்டா பேச்ச மாத்துறே. எளச்சுப் போய்ட்டே. நா வந்துடறேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “எனக்கு இன்னா, கை கால் இல்லியா? நானே ஆக்கித் துன்னுவேன்.”

“நீயா?”

“இன்னா நீயா? உங்கம்மாவுக்கு கூடமாட எவ்ளோ செஞ்சி குட்த்துகீறேன்.”

அவள் நம்பவில்லை. எனக்கு ஊர் சுற்றிக் காட்ட அவள் போட்டு வைத்திருந்த திட்டத்தில் ஒரு சமையல் வகுப்பும் இருந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து, தங்கள் கையாலேயே செய்து கற்றுக்கொண்டு, செய்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற வகுப்பு. பொழுதுபோக்காக இருக்கும் என்று பணம் கட்டி வைத்திருந்தாள். நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் முன்னால் நான் சமைத்துக் காட்டிவிட்டால் அவளால் வாயைத் திறக்க முடியாது. இருக்கிறேன் என்று கம்பெனிக்குச் சொல்லிவிடுவாள். அவள் கப்பல் வரைவதை விட்டுவிட்டு எனக்காக ஊருக்கு வரக்கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

என் மனைவிக்குக் கூடமாட செய்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். அடுப்பங்கரையில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நெத்திலிக் கருவாடு கழுவுவது. காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் நானே பார்த்து வாங்கி வருவேன். அவள் அதைச் சுடுதண்ணீரில் போட்டுக் கொடுப்பாள். நான் பின்கட்டில் குந்திக்கொண்டு தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மணலும் உப்பும் போக அலசி, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊற்றி அலசுவேன்.

“தண்ணி தெளிஞ்சுதா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

“இன்னும் தெளியல.”

“அப்போ இன்னொரு தபா ஊத்து.”

தெளிந்ததும் சட்டியை உள்ளே நீட்டிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் அது தொக்காகித் தட்டில் வந்து விழும். நடுவில் என்ன நடந்தது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

வகுப்பு, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நடந்தது. மார்க்கெட்டைத் தாண்டும்போது காசிமேட்டு வாடை அப்படியே அடித்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பக்கத்துக் கடைக்காரியை ஏதோ சொல்லித் திட்டினாள். மொழி தெரியாமலே எனக்கு அது புரிந்தது, தெம்பாகவும் இருந்தது.

சொல்லிக் கொடுத்தது என் வயது இருக்கக்கூடிய ஒரு அம்மா. கறாரான ஆள். அவர் பேசுவதை மகள் எனக்குத் தமிழில் சொல்வாள். மேசைக்கு ஒரு அடுப்பு, ஒரு பானை. எங்கள் மேசையில் எங்களோடு ஒரு வெள்ளைக்காரப் பையனும் அவன் மனைவியும் இருந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள்போல இருந்தது, கத்தியைக்கூட மாற்றி மாற்றிக் கொஞ்சிக்கொண்டு வாங்கினார்கள். அன்றைக்குச் செய்யப் போவது ஒரு குழம்பு. சோயா பீன்ஸை வேகவைத்துப் புளிக்க வைத்த ஒரு விழுதை அதில் கரைப்பார்களாம். அதை முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். கருவாட்டு வாடையிலேயே வளர்ந்த எனக்கே கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது.

அந்த அம்மா ஒரு தட்டில் காய்ந்த மீனைக் கொண்டுவந்து வைத்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“நெத்திலிம்மா,” என்றேன் மகளிடம். “நம்மூர விட கொஞ்சம் பெருசா கீது. ஆனா நெத்திலிதான்.”

தலையைக் கிள்ளி, வயிற்றில் இருக்கிற கறுப்பை எடுத்துவிட வேண்டும் என்று அவர் ஒரு மீனில் செய்து காட்டினார். அவர் அடுத்ததை எடுப்பதற்குள் நான் பாதித் தட்டை முடித்திருந்தேன். அவர் என் விரல்களைப் பார்த்தார், பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மகளின் புருவம் மேலே போனது. நான் மறுபடியும் என் கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மீனைத் தண்ணீரில் போட்டு, கூடவே அகலமாக ஒரு காய்ந்த கடல்பாசியையும் போட்டு அடுப்பில் ஏற்றினார். எங்கள் பக்கம் வலையில் பாசி வந்தால் உதறித் தள்ளுவார்கள். சரி, அவர்கள் ஊர் வழக்கம் என்று இருந்துவிட்டேன். தண்ணீர் கொதித்தது. அந்த அம்மா அடுத்த மேசைக்குப் போனார். மகள் வெங்காயத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். நான் பானைக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பழுப்பாக இருந்தது.

தெளியவில்லை.

பானையைத் தூக்கி, தொட்டியில் ஒரு வடிகட்டியை வைத்து, அப்படியே சாய்த்தேன். தண்ணீர் முழுவதும் போனது. பாசியைத் தூக்கி ஓரமாகப் போட்டேன். குழாயைத் திறந்து மீனை நன்றாக அலசினேன். வெள்ளைக்காரப் பெண் ஏதோ சொன்னாள். இரும்மா, வேலை நடக்கிறது என்று கையைக் காட்டினேன். இன்னொரு தபா அலசினேன். இப்போது தண்ணீர் பளிங்காக ஓடியது. அந்தக் கறார் அம்மா திரும்பினார். இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்காக வைத்தார். எங்கள் துறைமுகத்தில் கீழே நிற்பவன் அப்படி வைத்தால், நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தினேன். நிறுத்துவதற்கு ஒன்றும் மீதி இல்லை.

மகள் கேட்டுவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “நைனா, அந்தத் தண்ணிதான் கொயம்பாம். மீன எட்த்து கடாசிடுவாங்களாம்.”

“மீன கடாசிட்டு தண்ணிய துன்றதா? இன்னாம்மா ஞாயம் இது?”

நாலு பேர் குழம்பை நான் சாக்கடையில் ஊற்றியிருந்தேன். முகம் சூடாகிவிட்டது. மகளை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. அந்த அம்மா வடிகட்டியை வாங்கிப் பார்த்தார். ஒரு மீனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஏதோ கேட்டார், கோபமாக இல்லை.

“இவ்ளோ சுத்தமா கழுவினீங்களே, உங்க ஊர்ல அதுக்கப்புறம் இன்னா செய்வீங்கன்னு கேக்கறாங்க,” என்றாள் மகள்.

அதுக்கப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாது. மகளைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியாது. அந்தத் தொக்கைத் தின்றே வளர்ந்த இரண்டு பேர், வடிகட்டியைப் பார்த்தபடி நின்றோம். தெரிந்தவள் கல்லறையில் இருக்கிறாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் இல்லை என்பது அன்றைக்கு வலித்ததுபோல எனக்கு என்றைக்கும் வலித்ததில்லை.

மகள் அந்த அம்மாவிடம் என்ன சொன்னாளோ தெரியாது. அவர் எங்கள் மேசைக்குப் புதிதாக ஒரு பானை ஏற்றினார். கூடவே ஒரு சின்ன வாணலியை எடுத்து எங்கள் இருவர் முன்னால் வைத்து, வடிகட்டியில் இருந்த மீனைக் கையால் காட்டினார். உங்கள் ஊர்ப்படி செய்யுங்கள் என்றார்.

“பூண்டு போடுவாங்க,” என்றாள் மகள். “வாசன எனக்கு தெரியும்.”

“வெங்காயம் மொதல்ல. சடசடன்னு சத்தம் வரும். பூண்டு வாசன அப்பாலதான்.” பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனுக்குக் காதில் விழுந்த வரிசை அது.

“தக்காளி உண்டா?”

“தெரிலயேம்மா.”

போடாமலே விட்டோம். அலசிய மீனையும் அவர்களுடைய மிளகாய்த் தூளையும் போட்டுக் கிளறினோம். புதுப் பானைக் குழம்புக்காக மகள் வெங்காயம் வெட்டுகிற அழகை அப்போதுதான் கவனித்தேன். கத்தியைப் பென்சில் மாதிரி பிடித்திருந்தாள்.

“நீ இங்க இன்னாம்மா துன்றே?”

“கடைல டப்பால விக்கும் நைனா. சுடுதண்ணி ஊத்துனா போதும்.” தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“அப்போ மெட்ராஸுக்கு வந்து எனக்கு இன்னா ஆக்கிப் போடப் போறே? டப்பாவா?”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். வெங்காயம் என்று வெள்ளைக்காரப் பெண் நினைத்திருப்பாள், கண்ணைத் துடைக்க ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“நீ வந்தா எனக்கு சந்தோசம்தாம்மா,” என்றேன். “உன் மூஞ்ச பாத்துகினே காலத்த ஓட்டிடுவேன். ஆனா எனக்காக வேலய உட்டுட்டு வந்துட்டாளேன்னு தெனமும் என் வயிறு எரியும். அத்த என்னால தாங்க முடியாது. எனக்கு ஒண்ணும் ஆக்கத் தெரியாது, ஒத்துக்கறேன். கத்துக்கறேன். நீயும் கத்துக்கோ.”

அவள் அந்தக் காகிதத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாணலியை இறக்கினாள். நாங்கள் செய்தது என் மனைவியின் தொக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கொதித்த மீன் குழைந்து போயிருந்தது, முள் வேறு. ஆனாலும் சோற்றோடு இறங்கியது. அந்த அம்மா ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு, யோசித்து, இன்னொரு வாய் எடுத்தார். புதுப் பானையில் அவர் வைத்த குழம்பும் வந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். நான் கொட்டியது எப்படிப்பட்ட தண்ணீர் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மகள் சொன்னாள். “இருக்கேன்னு சொல்லிட்டேன் நைனா. ஒரு கண்டிசன். ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம நீ ஆக்குறத போன்ல காட்டணும். சாப்ட்டேன்னு சொல்லி டபாய்க்கக் கூடாது.”

நான் அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

அதற்குப் பிறகு ராயபுரத்தில் என் வீட்டு அடுப்பு பட்ட பாட்டை அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள். முதல் தொக்கு கரிந்தது. அடுத்தது உப்பு. ஒரு தடவை புளியைக் கரைத்து ஊற்றி, வாயில் வைக்க முடியாமல் போனது. எதிர்வீட்டில் புகையைப் பார்த்துக் கதவைத் தட்டினார்கள். எல்லாவற்றையும் மகளுக்குப் போனில் காட்டினேன். போகப்போக வெங்காயம் எப்போது சிவக்கும் என்று காதாலேயே தெரிய ஆரம்பித்தது. தக்காளி உண்டு என்பதும் தெரிந்தது, ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். மணல் போக அலசிய பிறகு மீனைக் கொதிக்க வைக்கும் தண்ணீரை இப்போது கொட்டுவதில்லை. கத்தரிக்காய்க் குழம்பில் ஊற்றிவிடுகிறேன். என் மனைவி இருந்தால் திட்டுவாள், பிறகு ஊற்றிப் பார்ப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்தேன். அங்கே மகளும் தன் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். அதே மார்க்கெட்டில் நெத்திலி வாங்கி வந்திருந்தாள். அன்றைக்கு அவளே செய்து பார்க்கப் போகிறாளாம்.

“தண்ணி தெளிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“தெளிஞ்சிடுச்சு.” சட்டியைப் போன் பக்கம் சாய்த்துக் காட்டினாள். பிறகு கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். “அதுக்கப்புறம் இன்னா நைனா?”

நான் என் அடுப்பைத் தணித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.