பூவும் கொடியும்தான்

தெருவில் அவளை டிசைன் அக்கா என்பார்கள். அவள் கணவரை விஞ்ஞானி என்பார்கள். முதல் பெயர் வாடிக்கைக்காரர்கள் வைத்தது. இரண்டாவது அவருடைய சொந்த மச்சான் வைத்தது. அவர் கழற்றிய மிக்ஸி இன்றுவரை அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது. கேட்டால், "ஒரு ஸ்க்ரூதான் பாக்கி" என்பார். எந்த ஸ்க்ரூ என்பது அவரைப் படைத்தவனுக்கே வெளிச்சம்.

அவள் கம்ப்யூட்டரில் எம்பிராய்டரி டிசைன் போடுகிறவள். இதழை எந்த ஓரத்திலிருந்து தைக்க ஆரம்பிக்க வேண்டும், நூல் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகத் திரையில் வைத்து, பக்கத்திலிருக்கும் மெஷினில் ஏற்றித் துணியில் தைத்துக் கொடுப்பாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, கிடைத்த நேரத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் சேர்த்த டிசைன்கள். ஓர் ஆடைக் கம்பெனியின் மேனேஜரம்மா அவற்றைக் கேள்விப்பட்டு, "எல்லாத்தையும் கொண்டுவந்து காட்டுங்க, பிடிச்சிருந்தா நீங்கதான் எங்க டிசைனர்" என்று சொல்லியிருந்தார். நாளைக் காலை போக வேண்டும். தோளில் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் தன்னை நினைத்து நினைத்து அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை.

இன்று பார்த்து கம்ப்யூட்டர் எழவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி, அதோடு சரி. முந்தின நாள் விஞ்ஞானி ஓசியில் ஒரு புதுப்படம் இறக்கியிருந்தார். படத்தோடு வைரஸும் வந்து இறங்கியிருந்தது.

ரிப்பேர்காரர் போனில் தெளிவாகவே சொன்னார். "ஆஃப் பண்ணிடுங்கக்கா. எதையும் சொருகாதீங்க. சாயந்திரம் வந்து என் பென் டிரைவ்ல ஸ்டார்ட் பண்ணி, உள்ள இருக்கிறதை எடுத்துத் தரேன்."

அவள் பெரிதாகப் பயப்படவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் தனி டிஸ்க்கில், பீரோவில் துணிகளுக்கடியில் பத்திரமாக இருந்தது. "நீங்க கை வைக்காதீங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, நாளைக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் செருப்பு வாங்கப் போனாள். சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷனாக இருந்தால் அந்த மிக்ஸி ஏன் பெட்டிக்குள் கிடக்கப்போகிறது?

திரும்பி வந்தபோது திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"வந்து பாரு. சாயந்திரம் வரேன்னான் அவன். நான் மதியத்துக்குள்ள முடிச்சிட்டேன்."

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அவளுடைய நகல் டிஸ்க் ஒயரோடு தொங்கியது.

"இது ஏன் இங்க இருக்கு?"

"ரெடியானதும் உன் டிசைனை உடனே உள்ள போட்டுடலாம்னு மாட்டினேன். விண்டோஸைப் புதுசா ஏத்துறப்ப ரெண்டு டிஸ்க் காட்டுச்சு. வைரஸ் ரெண்டுலயும் இருக்குமே? ரெண்டையும் சுத்தமா அழிச்சிட்டுத்தான் ஏத்தினேன். இப்ப ஒரு தூசி கிடையாது."

அவள் செருப்புப் பையைக் கீழே வைத்தாள். இந்த மனிதரிடம் கத்தினால்கூட, நல்லது செய்யப்போய்க் கெட்ட பேரா என்றுதான் கேட்பார்.

சாயந்திரம் வந்த ரிப்பேர்காரர் வெகுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். "ரெண்டுமே போயிடுச்சுக்கா. துண்டு துண்டா ஏதோ வருது, ஒண்ணும் திறக்காது. ஸ்டார்ட் ஆகிற இடம் மட்டும்தான் கெட்டிருக்கும்போல. டிசைன் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். சும்மா விட்டிருந்தா..." பையை மூடினார். விஞ்ஞானி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிப்பேர்காரர் படியிறங்கியதும் விஞ்ஞானி தன் அக்காவுக்குப் போன் போட்டார். "ரிப்பேர்காரனாலயே முடியலக்கா, நான் எழுப்பிட்டேன். முன்னைவிட வேகமா ஓடுது. உள்ள என்ன இருந்துச்சா? பெருசா ஒண்ணுமில்ல, பூவும் கொடியும்தான்."

அடுத்த அறையில் அவள் மேனேஜரம்மாவை அழைத்திருந்தாள்.

"மேடம், நாளைக்கு நான் வரல. காட்டுறதுக்கு எங்கிட்ட எதுவும் இல்ல."

"எதுவுமே இல்லையா? அப்ப இத்தனை வருஷமா என்னதாம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

கதவுக்கு அந்தப்பக்கம் அவர் இன்னும் அக்காவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல சும்மாதான் இருந்தேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.