பட்டுச்சேலைக்கு ஊற்றிய பால்

அவளைக் கட்டாவிட்டால் உயிரையே விட்டுவிடுவேன் என்று ரப்பர்த் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பக்கத்து நிரையில் பாலுக்கு மரம் வெட்டியவனும் அதையேதான் சொல்லித் திரிந்தான்.

தீபாவளிக்கு அதிகம் பால் எடுக்கும் பெண்ணுக்குத் துரை பட்டுச்சேலை தருவார் என்றார் கங்காணி. அவள் கண் சேலைமேல் விழுந்தது. நான் என் பாலில் பாதியை அவள் வாளியில் ஊற்றினேன். அவன் முழுவதையும் ஊற்றினான். மறுநாள் நானும் முழுவதையும் ஊற்றினேன். நிறுவையில் அவள் முதலாவது. கங்காணியிடம் ஏச்சு வாங்கியதில் நாங்கள் முதலாவது.

சேலை கைக்கு வந்ததும் இருவரும் மூச்சிரைக்க ஓடினோம்.

“எங்கள்ல யாரைக் கட்டுவே, சொல்லு லா.”

“தை மாசம் மாமன் மவனோட கல்யாணம். அன்னிக்கு இந்தச் சேலயத்தான் கட்டப்போறேன். ரெண்டு அண்ணனும் முன்ன நின்னு நடத்தி வைக்கணும்.”

நடத்தி வைத்தோம். பந்தலுக்குப் பெரிய வாழை கட்டியவன் நான்தான்.