யூஜினா கையெழுத்துப் போடாத தாள்

பொலிஸ்காரர் வாசலில் வந்து நின்றபோது யூஜினா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், உப்பு. வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் அடைத்திருக்கும் ஷாமிலாவுக்கு மறுநாள் கொண்டுபோக. ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். மாவை மூடிவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

யூஜினா மலையகத்து நோட்டன் பிரிட்ஜில் பிறந்தவள். வயது நாற்பத்தொன்று, தேயிலைக் கொழுந்தெடுக்கிறாள். பதினோரு வருடமாக அவளும் ஷாமிலாவும் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிறார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் கைத்தாங்கலாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவாள். அங்கே மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. இருவரையும் தம்பதி என்று பதிய இந்த நாட்டில் சட்டமில்லை. அவ்வளவுதான் குறை.

போன மாதம் கங்காணி யூஜினாவின் கையைப் பிடித்து இழுத்தான். பக்கத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஷாமிலா ஓடிவந்து கத்திப்பிடியால் அவன் மண்டையில் போட்டாள். ஏழு தையல். ஆத்திரத்தில் அடித்தாளா, முன்கூட்டியே திட்டமிட்டாளா என்பதுதான் வழக்கு. திட்டமென்றால் ஷாமிலா வருடக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்குத் துணையாக நானும் போனேன். சார்ஜனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.

"கங்காணிய அடிக்கிறதுக்கு முந்தி வீட்டுல ஷாமிலா என்ன சொன்னா?"

"அத சொல்ல மாட்டேன் சார்."

"ஏன்?"

"போன வருசம் சின்னத்தம்பி அண்ணன் கேசுல அவரு சம்சாரம் இப்படித்தான் சொன்னாங்க. புருசன் வீட்டுல பேசினத சொல்லச் சொல்லி வற்புறுத்த ஏலாதுன்னு லோயர் ஐயா சொன்னாரு. நீங்களும் அவங்கள அனுப்பிட்டீங்களே."

"அது கல்யாணம் கட்டின பொம்பள. நீ யாரு?"

"பதினோரு வருசமா அவளோட குடும்பம் நடத்துறவ."

சார்ஜன் சிரித்தார். "அப்படியே எழுதவா? பொம்பளையும் பொம்பளையும் குடும்பம் நடத்தினா அதுக்கும் ஒரு செக்‌ஷன் இருக்கு. ரெண்டு பேரையும் உள்ள போடலாம்."

"ஒரே அறையில போடுங்க சார். நான் வாரா வாரம் ரொட்டி சுமக்குற வேலையாவது மிச்சம்."

சார்ஜனின் சிரிப்பு நின்றது. சிங்களத்தில் எழுதிய தாளையும் பேனாவையும் நீட்டினார். வாசிக்கத் தெரியாமல் இப்படிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் தோட்டத்தில் நிறைய. ஆஸ்பத்திரி வேலையில் நான் சிங்களம் வாசிக்கப் பழகியிருந்தேன். முதல் வரியில் 'சந்தேகநபரின் சிநேகிதி' என்றிருந்தது. அடுத்த வரியில், 'கங்காணியை அடிப்பேன் என்று ஷாமிலா முன்பே சொன்னாள்.' சத்தமாகத் தமிழில் சொன்னேன்.

யூஜினா பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"இது நான் சொன்னதில்ல. தமிழ்ல எழுதுங்க, சொன்னத மட்டும் எழுதுங்க."

"தமிழ் எழுதுற ஆள் நாளைக்குத்தான் வருவாரு."

"அப்ப நாளைக்கு வாறேன்."

திரும்பும் வழியில் கேட்டேன்: "பயமா இருக்காடி?"

"இருக்கு பெரியம்மா. அந்த மாவு வேற காஞ்சிருக்கும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அங்கே நின்றாள். தமிழில் நான்கு வரி எழுதினார்கள். கங்காணி என் கையைப் பிடித்து இழுத்தார். அதைக் கண்டு ஷாமிலா அடித்தாள். ஷாமிலா என் குடும்பம். வீட்டில் பேசியதைச் சொல்ல மாட்டேன். இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சிறைச்சாலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.