மருந்துக்கு அடங்காதது

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளை எல்லோரும் ‘பாட்டில் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாக்கடை வந்து சேரும் தொட்டியிலும், சுத்தமான தண்ணீர் ஆற்றில் விழும் வாய்க்காலிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து, ஆன்டிபயாடிக் மருந்துக்கும் சாகாத கிருமிகள் அதில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. கணவன் பிரிந்துபோய்ப் பல வருடம். பிள்ளை இல்லை. ஒட்டுறவு என்று சொல்லிக்கொள்ள ஒரு தங்கைதான்.

அந்தத் தங்கைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துக் குழந்தை பிறந்தது, அதுவும் குறைமாதத்தில். அந்தச் சமயம் பார்த்து, இந்தக் கிருமிகள் மனிதர்களுக்கு எந்த அளவு தொற்றுகின்றன என்று கணிக்க, நிலைய ஊழியர்களின் மலத்தையும் சோதித்தார்கள். அவள் வயிற்றில் அந்தக் கிருமி இருந்தது.

“பயப்படாதீங்கம்மா,” என்றார் டாக்டர். “உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அது சும்மா குடியிருக்கு. தானா காலி பண்ணிட்டுப் போனாலும் போயிடும்.”

“என் தங்கச்சியோட குழந்தையை நான் தூக்கலாமா டாக்டர்? குறைமாசத்துல பொறந்தது.”

“கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவினா ஆபத்து ரொம்பக் கம்மி. எவ்வளவு கம்மின்னு கேட்டா, இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. அதைத்தானே கண்டுபிடிக்கப் பாக்கறோம்.”

அந்த ‘தெரியாது’ அவளைத் தடுத்துவிட்டது. ஜலதோஷம், லீவு இல்லை என்று ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள். கடைசியில் தங்கை போனில் பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா, எனக்குப் பொறந்தது உனக்குப் பொறுக்கலையா?”

சுருக்கென்றது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள். ‘பரவால்ல, வாக்கா’ என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். அப்படிச் சொல்லியிருந்தாலும் அவள் போயிருக்கமாட்டாள்.

“அப்ப வராதக்கா,” என்றாள் தங்கை. “தப்பா எடுத்துக்காத.”

“அதுக்குத்தானடி வரல,” என்று சிரித்து வைத்தாள்.

அதன்பிறகு கேன்டீனிலும் ஓரமாய்த் தனியே சாப்பிடப் பழகிக்கொண்டாள். குழந்தையின் படம் போனில் வரும். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, விரல் நகம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வெகுநாள் கழித்து, அடுத்தடுத்து எடுத்த சோதனைகளில் கிருமி இல்லை என்று வந்தது. அன்றே கிளம்பிப் போனாள். சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த குழந்தை அவளைப் பார்த்ததும் வீறிட்டு, அம்மாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டது.

“பெரியம்மாடா கண்ணு! புது ஆளைக் கண்டா இப்படித்தான்க்கா. பழகினா சரியாயிடும்.”

“பழகட்டும், அவசரமில்ல,” என்று நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே தரையில் உட்கார்ந்தாள்.