கற்பூரம் காட்டிய பானெட்டில் இரண்டு ஓட்டை

1. எக்ஸ்பிரஸ் ரோட்டில்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் காரின் இன்ஜினை மூடும் அந்த பானெட் எழுந்தபோது நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு கன்டெய்னர் லாரி போய்க்கொண்டிருந்தது. அடுத்த கணம் லாரியைக் காணோம், ரோட்டைக் காணோம், கண்ணாடி முழுக்க வெள்ளை. அது நானே ஜெல்கோட் என்ற மேல்பூச்சைப் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய வெள்ளை.

வண்டியை ஓட்டியவர் ரஃபீக் பாய். வண்ணாரப்பேட்டையில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அவர் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, பானெட்டுக்கு அடியில் தெரிந்த இடுக்கு வழியாகப் பார்த்தபடியே வேகத்தைக் குறைத்து, கடலோரம் கொட்டியிருந்த பாறாங்கற்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் கெட்டிக்கார டிரைவர். இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இறங்கிப் பார்த்தோம். லாக் திறக்கவே இல்லை. பானெட்டின் அடியில் லாக்கில் போய் மாட்டும் இரும்பு வளையம் லாக்குக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. அதோடு உள்ளங்கை அளவு ஃபைபரும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. எனக்குப் பயம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கோபம். இப்படித்தான் ஆகும் என்று முந்தின நாள் முழுக்கச் சொன்னவள் நான். அதற்கு எங்கள் முதலாளி கஜபதி அண்ணன் கொடுத்த பதில், "அவ்ளோ டவுட்டா கீதுன்னா நீயே குந்திகினு போய்ப் பாத்துட்டு வா." போய்ப் பார்த்துவிட்டேன்.

2. படகுக் கொட்டகைக்கு பானெட் வந்த கதை

புதிதாக ஃபைபர் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஃபைபர் என்றாலே படகுதான். ரெண்டாயிரமாவது வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் கட்டுமரம் குறைந்து எல்லோரும் ஃபைபர் படகுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். திருவொற்றியூரில் கஜபதி அண்ணன் கொட்டகையில் வருஷம் முழுக்க வேலை இருந்தது. நான் வியாசர்பாடியிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். கண்ணாடி இழை மேட் வெட்டுவது, அதை ஊறவைத்து ஒட்டும் ரெசின் கலப்பது, அச்சில் விரித்து ரோலர் போடுவது எல்லாம் என் வேலை. பொம்பளைக்கு இது எதுக்கு என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள், நான் போட்ட படகில் ஒரு குமிழிகூட இல்லாததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். கண்ணாடித் தூள் கையில் ஏறி அரிக்கும். அந்த அரிப்பு மட்டும் வாயை மூடவே இல்லை.

கஜபதி அண்ணன் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. படகு அச்சிலிருந்து கழன்று, வேலை முடிந்ததும் எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டுவார். அதற்குப் பிறகு அந்தப் படகில் யாரும் டிரில் வைக்கக் கூடாது. பூட்டு, கொக்கி, வளையம் எது வேண்டுமென்றாலும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். காரணம் இல்லாத சட்டம் இல்லை இது. முடிந்த ஃபைபரில் ஓட்டை போட்டால் அதன் ஓரம் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே ஊறி, அடுக்கு அடுக்காகப் பிரித்துவிடும். கடலில் பிரிந்தால் ஆளே போய்விடுவான்.

ரஃபீக் பாய்க்கு கார் ரேஸ் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய் ஓட்டுவார். வண்டியின் எடையைக் குறைக்க வேண்டும், இரும்பு பானெட்டுக்குப் பதில் ஃபைபரில் ஒன்று போட்டுத் தர முடியுமா என்று வந்து கேட்டார். படகு போடுகிறவனுக்கு பானெட் ஒரு விஷயமா என்றார் அண்ணன். இரும்பு பானெட்டைக் கவிழ்த்து அதிலிருந்து அச்சு எடுத்து, இரண்டே அடுக்கில் போட்டோம். ஒரு கையால் தூக்கலாம். ரஃபீக் பாய் அதைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு சிரித்தார். வேலை சுத்தமாக வந்த சந்தோஷத்தில் அண்ணன் அதற்கும் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கற்பூரம் காட்டிவிட்டார். ரஃபீக் பாய் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றிருந்தார்.

வண்டியில் மாட்டிப் பார்க்கும்போதுதான் எனக்கு உறுத்தியது. லாக் நடுவில் மட்டும் பிடித்தது. இரண்டு மூலையும் விரலால் தள்ளினாலே ஆடின. இதற்கு இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, மேலேயிருந்து பூட்டிப் பிடிக்கிற 'பின்' வைக்க வேண்டும் என்றேன். கற்பூரம் காட்டியாச்சு என்றார் அண்ணன்.

3. மீன் தராசு

ரோட்டில் நடந்ததைப் பார்த்தபிறகாவது புத்தி வரும் என்று நினைத்தேன். இரண்டு ஆண்களும் உட்கார்ந்து டீ குடித்தபடி பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வளையம் பிய்ந்த இடத்தில் அடுக்கு போதவில்லையாம். படகின் பின்பக்கம் இன்ஜின் மாட்டுகிற இடத்தில் போடுவதுபோல் கூடுதலாக அடுக்கு வைத்தால் யானை இழுத்தாலும் வராதாம்.

அண்ணன் என்னையே போடச் சொன்னார். போட்டேன். மூலை ஆடுகிறது என்றேன், ஓரம் முழுக்கப் பட்டையாகப் போடச் சொன்னார். அதையும் போட்டேன். அப்புறம் பானெட்டைத் தூக்க இரண்டு கை தேவைப்பட்டது. காசிமேட்டிலிருந்து வந்த ஒருவருடைய மீன் தராசு கொட்டகையில் கிடந்தது. பானெட்டை அதில் கட்டித் தொங்கவிட்டேன். முள் ஏறுவதை மூன்று பேரும் பார்த்தோம். இரும்பு பானெட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லேசாக வேண்டும் என்று ஆரம்பித்த வேலை, கனமாக முடிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொள்ளவும் இல்லை.

படகை அலை அடிப்பது வேறு, பானெட்டைக் காற்று தூக்குவது வேறு என்று சொன்னேன். கடல்காற்று வீசும்போது கொட்டகையில் ஒரு ஃபைபர் ஷீட்டைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, ஆளையே இழுத்துவிடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பானெட் என்று வந்ததும் அத்தனை பேருக்கும் படகுதான் ஞாபகம் வந்தது.

அண்ணனுக்குச் சட்டம் தடுத்தது, சரி. ரஃபீக் பாய்க்கு என்ன வந்தது? அவரைத் தனியாகக் கேட்டேன். கொஞ்சம் மழுப்பினார். பிறகு உண்மையைச் சொன்னார். இனிமேல் ரேஸுக்குப் போகமாட்டேன் என்று அவர் சம்சாரம் ஹசீனாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பானெட்டில் பின் இருந்தால் அது ரேஸ் வண்டி என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். பார்ப்பதற்கு வீட்டு வண்டி மாதிரியே இருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில்தான் சம்சாரத்தையும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டில் மாமியார் வீட்டுக்குப் போகப்போகிறார். அதே ரோடு, அதே லாரிகள்.

இரும்பு பானெட்டையே திரும்ப மாட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அதை அதற்குள் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் விற்றுவிட்டாராம்.

"உங்களுக்கு இன்னா பாய், ரோட்ல பானெட் எழுந்தா குனிஞ்சு பாத்து ஓட்டிடுவீங்க. பின்னாடி குந்தினு கீற பசங்க எங்க குனியும்?"

நான் குரலை உயர்த்தியது கொட்டகை முழுக்கக் கேட்டது. அண்ணன் கத்தினார், கஸ்டமரிடம் வாய் பேசாதே என்று. கூடுதலாகப் போட்ட பட்டையை அறுத்து எடுத்துவிட்டு, நடுவில் மட்டும் அடுக்கை வைத்து அப்படியே கொடுத்துவிடச் சொன்னார். பின்னைப் பற்றி இனி ஒரு பேச்சு வந்தால் எனக்கு அங்கே வேலை இல்லை என்றும் சொன்னார்.

4. சனிக்கிழமை மதியம்

பானெட் பின் என்பது பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. ரேடியேட்டருக்கு மேலே குறுக்காகப் போகும் இரும்புச் சட்டத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு போல்ட்டை நட்டமாக நிறுத்தி இறுக்க வேண்டும். பானெட்டில் அதற்கு நேராக இரண்டு ஓட்டை. மூடினால் போல்ட்டின் நுனி மேலே எட்டிப் பார்க்கும். அந்த நுனியில் குறுக்கே ஒரு துளை இருக்கும். அதில் கிளிப்பைக் குத்திவிட்டால் பானெட் எங்கும் போகாது.

கடையில் கிடைக்காத பொருள். ஸ்டெயின்லெஸ் போல்ட் படகு வேலைக்கு வாங்கியதே இருந்தது. தேரடிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து நுனியில் துளை போட்டு வாங்கிவந்தேன். கிளிப் ஒரு பழைய டிராக்டர் சாமானிலிருந்து எடுத்தது.

சனிக்கிழமை மதியம் அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போனார். வண்டி கொட்டகையில் நின்றது. போல்ட் இரண்டையும் நிறுத்தி, நுனியில் கிரீஸ் தடவி, பானெட்டை மெதுவாகச் சாத்தினேன். திறந்து பார்த்தால் அடியில் இரண்டு கரும்பொட்டு. டிரில்லை எடுத்தேன். பொட்டின் மேல் வைத்து அழுத்தினேன். ஒருத்தருடைய சட்டத்துக்காக நாலு பேரின் உயிரைக் காற்றில் விட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஓட்டை போட்ட கையோடு அதன் ஓரம் முழுக்க ரெசின் பூசி அடைத்தேன், மேலும் கீழும் தகடு வைத்தேன். தண்ணீர் ஊறக்கூடாது என்ற அவருடைய கவலைக்கும் அதில் பதில் இருந்தது.

அண்ணன் வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. கற்பூரம் காட்டின பொருளில் கை வைத்தவளுக்கு இந்தக் கொட்டகையில் இடமில்லை, திங்கட்கிழமை வராதே என்றார். ரஃபீக் பாயும் வந்தார். பின்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு பானெட் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனார், ஒரு துணியைப் போட்டு முன்பக்கத்தை மூடிக்கொண்டு.

5. ஹசீனா

திங்கட்கிழமை வழக்கம்போல் போய் கிளவுஸ் மாட்டிக்கொண்டு மேட் வெட்ட உட்கார்ந்தேன். அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"வராதன்னு சொன்னேன்ல?"

"சொன்னது உங்க இஷ்டம்ணா. வந்தது என் இஷ்டம்."

அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. முதலில் ஒரு பெண் இறங்கினாள், பின்னாலேயே ரஃபீக் பாய், திட்டு வாங்கிய முகத்தோடு. ஹசீனா என்று சொல்லாமலே தெரிந்தது. இந்தப் பின்னைப் போட்டது யார் என்று கேட்டாள். அண்ணன் சந்தோஷமாக என் பக்கம் கையைக் காட்டினார். நான் எழுந்து நின்றேன். சண்டைக்கு வந்தால் சண்டை என்று தயாராகத்தான் இருந்தேன்.

"அக்கா, இத்த எப்டி மாட்டறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு," என்றாள். "நேத்து ரோட்ல ஒரு கிளிப்பு கயண்டு தொங்கிகினு வந்துச்சு. இவரு பாக்கவே இல்ல."

முன்பக்கம் மூடிய துணி அவர்கள் தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே பறந்துவிட்டதாம். ரேஸ் விஷயம் அவளுக்கு எப்போதோ தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செம்மண் அப்பிய ஷூவோடு வருகிற ஆள் தொழுகைக்கா போய்விட்டு வருவார் என்று கேட்டாள். அவர் என்றைக்காவது தானாகச் சொல்லுவார் என்று காத்திருந்திருக்கிறாள். சொல்லாமலே பானெட் சொல்லிவிட்டது. அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் தீரவில்லை, அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் எங்கே போனாலும் வண்டி கிளம்புவதற்கு முன்னால் கிளிப்பைத் தானே மாட்டிவிட்டுத்தான் அனுப்பப்போவதாகச் சொன்னாள்.

கிளிப் கழன்றாலும் தொலையாமல் இருக்க ஒரு மெல்லிய கம்பியில் கோத்து வண்டியோடு கட்டிக் கொடுத்தேன். குத்துகிற விதத்தையும் காட்டினேன். அவள் இரண்டு தடவை எடுத்து மாட்டினாள். மூலையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கணவரைக் கூப்பிட்டு அவரையும் அழுத்திப் பார்க்கச் சொன்னாள். அவரும் அழுத்தினார்.

அண்ணன் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி போனபிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வராதே என்று மறுபடி சொல்லவும் இல்லை. நான் மேட்டை வெட்டி முடித்தேன்.

6. கற்றது

லேசான பானெட்டுக்கு இந்தப் பின் வேண்டுமா என்று இன்றைக்கும் என் பட்டறைக்குப் பையன்கள் வந்து கேட்கிறார்கள். அழகு கெட்டுவிடும், போலீஸ் பிடிக்கும், அம்மா திட்டுவாள் என்று ஆளுக்கு ஒரு காரணம். நான் ஒரே பதில்தான் சொல்லுவேன். இரும்பு தன் விறைப்பாலேயே நிற்கும், அதற்கு நடுவில் ஒரு லாக் போதும். லேசான ஃபைபர் வளையும், அதற்கு மூலையில் பிடிப்பு வேண்டும். பின் வெளியே தெரியும்தான். தெரிந்தால்தான் கழன்றதும் தெரியும். பிடிக்கவில்லையென்றால் வேறு பட்டறை பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து தெரிந்ததை முழுங்காதீர்கள். வேலை போனால் வேறு வேலை தேடலாம்.

கஜபதி அண்ணன் கடைசிவரை நான் செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கற்பூரச் சட்டத்தையும் விடவில்லை. நான் அங்கே இருந்தவரை, ஒவ்வொரு படகும் முடியும்போது கையில் தீப்பெட்டியோடு கொட்டகையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

"அமுதா, கொளுத்தலாமா?"

"இருங்கண்ணா, இன்னும் ஒரு ஓட்டை பாக்கி கீது."