நேருக்கு நேர் உட்காராதவன்

லாரி டயர் கடையில் அவனுக்குச் சம்மட்டி என்று பெயர். ரிம்மோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் டயரை மூன்றே அடியில் பிரித்துவிடுவான். மற்றவர்களுக்குப் பத்து அடியாவது வேண்டும். அந்தத் திறமையைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். கடையில் யாரும் அந்த நினைப்பைத் திருத்தப் போகவில்லை. எல்லாருக்கும் அவரவர் பல் முக்கியம்.

சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இவனுக்கு நேராகக் கையில்தான். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று இரண்டாவது தடவை கேட்ட டிரைவரைச் சட்டையைப் பிடித்து இருக்கையிலிருந்து கீழே இழுத்துப் போட்டான். வாசலை மறித்து நின்ற பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் முகவிளக்கை வீல் ஸ்பேனரால் நொறுக்கினான். குடும்பத்தில் நியாயம் பேச வந்த மச்சானின் மூக்கெலும்பை உடைத்தான். மறுநாள் போய் மன்னிப்பும் கேட்பான். அதிலும் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைச் சுவரில் ஒரு பீங்கான் தட்டு மோதிச் சிதறியது. சில்லு ஒன்று எட்டு வயது மகளின் புருவத்தைக் கிழித்தது. நான்கு தையல். "கை தவறிடுச்சு" என்று டாக்டரிடம் சொன்னான். பக்கத்தில் நின்ற மனைவி வாயே திறக்கவில்லை. அன்று மாலையே மகளைக் கூட்டிக்கொண்டு, மூக்கு உடைபட்ட அதே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாள் கழித்துத்தான் போனை எடுத்தாள்.

"கவுன்சிலிங் போங்க. மாறிட்டேன்னு நீங்க சொன்னா நான் வரமாட்டேன். வேற யாராவது பார்த்துட்டுச் சொல்லணும்."

மருந்துக்கடை மாடியில் ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலிகள் எதிரும் புதிருமாக, நடுவில் கண்ணாடி பதித்த மேஜை, திறக்கவே முடியாத ஒரு ஜன்னல். ஆலோசகர் ஐம்பது வயதுப் பெண்மணி. மெல்லிய குரல், ஆனால் மசியாத ஆள். "ஆறு தடவை வாங்க. அப்புறம் நான் பார்த்ததை, நீங்க சம்மதிச்சா, உங்க மனைவிகிட்ட சொல்றேன். சர்ட்டிபிகேட் எல்லாம் கிடையாது" என்றார். சம்மட்டி தலையாட்டினான். தலையாட்டிக்கொண்டே நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவர் தன் நாற்காலியை நகர்த்தி மறுபடி அவன் முகத்துக்கு நேரே வந்தார். முதல் இரண்டு சந்திப்பும் இந்த நாற்காலிச் சண்டையிலேயே போயின.

மூன்றாவது சந்திப்பில் அவர் கேட்டார்: "தட்டு கையில இருந்தப்ப மனசுல என்ன ஓடுச்சு?"

மேஜைக் கண்ணாடி ஒரே குத்தில் தூளானது. முஷ்டியிலிருந்து ரத்தம் சொட்டியது. அவர் கத்தவில்லை. எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்தார், ஒரு துண்டை எடுத்து அவன் மேல் எறிந்தார், வாசலிலேயே நின்றுகொண்டார்.

"இன்னொரு அடி விழுந்தா இதோட சரி. அது போகட்டும், ஏன் எப்பவும் நாற்காலியைத் திருப்புறீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இதைப் போய் ஒரு கேள்வி என்று கேட்கிறாரே! "லாரி டயருக்குக் காத்து அடிக்கும்போது எவனும் நேரே நிக்க மாட்டான் மேடம். ரிம்மைப் பிடிச்சிருக்கிற இரும்பு வளையம் சில சமயம் பிச்சுக்கிட்டுப் பறக்கும். எங்க கடையில ஒருத்தன் நேரே குனிஞ்சு பார்த்தான். அவன் தாடையை எதிர்ச்சுவருக்குக் கீழ இருந்து நான்தான் பொறுக்கினேன். அதுக்கப்புறம் யாரு எனக்கு நேரே உட்கார்ந்தாலும் காத்து ஏறிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு."

ஆலோசகர், "சிலரோட நான் நடந்துக்கிட்டே பேசுறது உண்டு" என்றார். "குளத்தைச் சுத்திப் பாதை இருக்கு. பக்கத்துல பக்கத்துல நடப்போம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்ல."

"தெரிஞ்சவன் எவனாவது எதிர்ல வந்தா?"

"பேச்சை நிறுத்திடுவோம். நான் யாருன்னு நீங்க சொல்ல வேண்டாம்."

"எனக்குக் கோபம் வந்தா?"

இதற்கு மட்டும் அவர் யோசித்தார். "அங்க உடைக்கிறதுக்குக் கண்ணாடி கிடையாது, மனுஷங்கதான் இருப்பாங்க. அதை நெனச்சா எனக்கும் பயம்தான். ஒரு வாரம் யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

ஒரு வாரமும் யோசித்தான். அறைக்குள் இருந்தால் மூச்சு முட்டுகிறது. வெளியே போனால் ஊரே பார்க்கும். கடையில் கூட வேலை செய்பவனிடம் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தான். "நாயைத்தானே அண்ணே வாக்கிங் கூட்டிட்டுப் போவாங்க?" என்றான் அவன். அடுத்த நொடி அவன் முதுகு டயர் அடுக்கில் மோதியது, கழுத்தில் சம்மட்டியின் முழங்கை. பிறகு சம்மட்டி தானாகவே கையை எடுத்தான். சட்டைப் பொத்தான் இரண்டு மட்டும் போயிருந்தன. இதை ஒரு முன்னேற்றமாகவே கணக்கில் எடுத்துக்கொண்டு, நடக்கச் சம்மதம் என்று போன் செய்தான்.

நான்காவது, ஐந்தாவது சந்திப்புகள் குளக்கரையில் நடந்தன. ஆச்சரியம், வாய் தானாகத் திறந்தது. பார்வை பாதையில், கைகள் பைக்குள், வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. "அடிக்கிற அந்த ஒரு நொடி நல்லா இருக்கும் மேடம். பொய் சொல்லக் கூடாதுன்னீங்களே, அதான் சொல்றேன்" என்றான். ஆலோசகர் நடையை நிறுத்தாமல், "சொன்னது நல்லது" என்றார். மகள் படுக்கும் கட்டிலுக்கு அன்றே புது விரிப்பு வாங்கி வைத்தான். இன்னும் ஒரே ஒரு சந்திப்பு, அப்புறம் வீடு நிறைந்துவிடும்.

ஆறாவது நாள் காலை. பின்னாலிருந்து வேகமாக வந்த சைக்கிள் ஆலோசகரின் தோளை இடித்தது. அவர் முட்டி தேய விழுந்தார். சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்து, "ரோட்டை அடைச்சுக்கிட்டா நடக்கிறது?" என்றான்.

அவ்வளவுதான், சம்மட்டிக்குக் கண்மண் தெரியவில்லை. நாலு எட்டில் அவனைப் பிடித்துக் கீழே தள்ளினான், தலைமுடியைக் கொத்தாகப் பற்றிக் கம்பி வேலியில் மோதினான், முகத்தில் குத்தினான். மூன்றாவது குத்தில் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கமானதுதான். சொல்லவே கூசுகிறது, அந்த நொடியும் அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஓங்கிய கையோடு திரும்பினான்.

ஆலோசகர். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் போனார்.

அன்று சமையலறையில் அவன் மனைவி இப்படித்தான் நின்றாள். முகத்தை மூடி, பின்னால் நகர்ந்து. மூடிய அந்த முகத்தைக் குறிவைத்துத்தான் அவன் தட்டை எறிந்தான். அவள் குனிந்துகொண்டாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற மகளுக்குக் குனியத் தெரியவில்லை.

ஓங்கிய கை இறங்குவதற்கு நேரம் பிடித்தது. வேலியோரம் சைக்கிள்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதான். ஆலோசகர் பத்தடி தள்ளி நின்று ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் போன் செய்தார். "இங்கேயே இருப்பீங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"இருக்கேன். ஒரு போன் மட்டும் பண்ணிக்கிறேன்."

மனைவி எடுத்தாள். அவள் குரலில் கொஞ்சம் எதிர்பார்ப்பு இருந்தது. இன்று ஆறாவது நாள் என்பது அவளுக்கும் தெரியும். அது அவனை இன்னும் கொன்றது.

"வராதே" என்றான். "அந்தம்மா சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். ஒருத்தன் மூக்கை உடைச்சுட்டேன். போலீஸ் வருது. நானே கெஞ்சினாலும் குழந்தையைக் கூட்டிட்டு வந்துடாதே."

போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"இன்னொண்ணு. அன்னைக்குக் கை தவறல. உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் எறிஞ்சேன்."

"தெரியும்" என்றாள். "அதை நீங்க வாய்விட்டுச் சொல்வீங்கன்னுதான் எனக்குத் தெரியாது."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.